முழங்கால் உயரச் சுவர்

ஹாயிலுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அதையும் கெடுத்தவன் அவன் மச்சான் கலஃப். ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை, எதிரே கல். அந்தக் கல்லை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்குப் பின்னால் ஓடி ஓடி முட்டி தேய்ந்தவனுக்கு அது சொர்க்கம். அந்தச் சொர்க்கத்திலிருந்து அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டார்கள். வருஷங்கள் போன பிறகும் ஆடு செத்த குட்டி போட்டாலும் சரி, வண்டி கிளம்பாவிட்டாலும் சரி, "எல்லாம் அந்தக் கலஃபால வந்தது" என்றுதான் ஹாயில் ஆரம்பிப்பான். அவன் பெண்டாட்டி துர்ஃபா, கலஃபின் தங்கை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்வாள்: "வண்டியில டீசல் இல்ல. அதையும் எங்கண்ணன்தான் குடிச்சிட்டாரா?"

எங்கள் ஹர்ராப் பாலைவனம் முழுக்கக் கறுப்புக் கல். ஒட்டகம்கூடக் காலைப் பார்த்துத்தான் வைக்கும். அந்தக் கல்லையே பொறுக்கி யாரோ, எப்போதோ சுவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான்: பழைய ஆட்களின் வேலை. கிழக்கே ஒரு சுவர், மேற்கே ஒரு சுவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல எங்கெங்கோ தொடங்கும். போகப் போக நெருங்கி வரும். கடைசியில் ஒரு வாய். வாய்க்குள் நுழைந்தால் ஒரு பெரிய வளையம். ஆகாய விமானத்திலிருந்து பார்த்த யாரோ ஒரு வெள்ளைக்காரன், வால் வைத்த பட்டம் மாதிரி இருக்கிறதே என்று சொல்லப் போக, படித்தவர்கள் வாயில் அது பட்டம் என்றே நின்றுவிட்டது. ஹர்ராவில் பட்டம் விட்ட பிள்ளை எவனும் கிடையாது. தரையில் நிற்கிறவனுக்கு அது சுவர். முழங்கால் உயரச் சுவர். கிழவிகூடத் தாண்டிவிடுவாள்.

அந்தச் சுவருக்குத்தான் கலஃப் பயந்தான்.

அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. வெறுங்கையால் விரியனைப் பிடித்து எறிந்தவன். ஈராக்கில் சண்டை நடந்த காலத்தில் பாக்தாத் சாலையில் லாரிக் கிளீனராகப் போய் வந்தவன். அங்கே பார்த்ததை எல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் லாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாளும் படுத்ததில்லை. சரக்கு மேல் ஏறித்தான் படுப்பான். ஊர் திரும்பிக் கூடாரம் போட்டபோதும் ஒரு மூலையைத் தூக்கிக் கட்டியே வைத்திருந்தான், கடுங்குளிரிலும். ஒருத்தியைக் கட்டி வைத்தார்கள். இரண்டு குளிர்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். "எனக்குக் கட்டி வச்சது புருஷனையா, காத்தையா?" என்று கேட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கலஃப் தங்கை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே தன் கூடாரத்தைப் போட்டுக்கொண்டான்.

சுவர்ப் பக்கம் போக நேர்ந்தால் அதை ஒட்டி நடக்கவே மாட்டான். குறுக்கே கடப்பான். கடக்கும்போது ஒரு கல்லை எடுத்து அப்பால் வைப்பான். யாராவது சிரித்தால், "சுவர் முழுசா இருக்கக் கூடாது" என்பான். அவ்வளவுதான் சொல்வான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டோம். கலஃபுக்கு மீசை அரும்பிய வருஷம் ஹர்ராவில் வெண்பனி கொட்டியது. கொட்டி நின்றதும் மூடுபனி இறங்கியது. அவனுடைய அண்ணன் தியாப், தவறிப்போன ஒரு பெண் ஒட்டகத்தைத் தேடிப் போனான். திரும்பவில்லை. வானம் வெளுத்ததும் தேடிப் போனவர்களில் கலஃப்தான் முதலில் கண்டான். வளையத்துக்குள் சுவரில் சாய்ந்து, தொழுகை முடித்து உட்கார்ந்தவன் மாதிரி தியாப் இருந்தான். விறைத்திருந்தான்.

செத்தவனைப் பார்த்துக் கலஃப் பயப்படவில்லை. தடத்தைப் பார்த்துத்தான் பயந்தான். சுவரின் உள்பக்கத்தை ஒட்டி, பனியில், வட்டமாக ஒரு பாதை. ஒரு தடவை நடந்த தடம் அல்ல. நடந்து, நடந்து, மறுபடி நடந்து, பனி மிதிபட்டுக் கீழே கறுப்புக் கல் தெரிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்த பாதை. சுவரைத் தாண்டின தடம் ஒன்றுகூட இல்லை. சுவருக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அவர்கள் கூடாரம். காலைத் தூக்கி வைத்திருந்தால் வீடு.

"ஏன் தாண்டல?" இந்த ஒரு கேள்வியோடுதான் கலஃப் வளர்ந்தான், தாடி நரைத்தான். "முழங்கால் ஒசரம். எங்கண்ணன் ஒட்டகத்து மேல தாவி ஏறுறவன். அது காலப் புடிக்கல மாப்ள, புத்தியப் புடிச்சிருக்கு. மான் புடிக்கக் கட்டினதுன்னு சொல்றானுங்க. மானுக்கா? மனுஷனுக்குக் கட்டினது அது."

ஹாயில் இதைக் காதில் வாங்கியதில்லை. அவனுக்குச் சுவர் என்பது சுவர்.

பிறகு ஒரு வசந்தத்தில் அகழ்வுக்காரர்கள் வந்தார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அம்மாள், அவள் பேச்சுக்கு அடிக்கடி முகம் சுளிக்கும் ஒரு குள்ளப் பேராசிரியர், கூட நாலைந்து பேர். ஹாயிலைக் காவலுக்கு வைத்தார்கள். நாற்காலி வந்தது. அவர்கள் தோண்டியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். இது பொறி, மான் கூட்டத்தை விரட்டி இதற்குள் தள்ளியிருக்கிறார்கள் என்பாள் மஞ்சள் தொப்பிக்காரி. இத்தனை கல்லைச் சுமந்தா மான் பிடிப்பான், இது ஆட்டுப்பட்டி என்பார் குள்ளர். பார்க்க வந்த ஒருவர், இரண்டுமில்லை, மேலே இருக்கிற சாமிக்குக் காட்டப் போட்ட கோலம் என்றார். பட்டமா, பட்டியா, பொறியா என்று நாள் முழுக்க நடக்கும். ஹாயில் தேநீர் ஊற்றிக்கொண்டே மூன்று பேருக்கும் தலையாட்டுவான்.

துர்ஃபா கேட்டாள்: "நீ எந்தக் கட்சி?"

"நாற்காலிக் கட்சி."

ஒரு நாள் கலஃப் வந்தான். வளையத்துக்கு வெளியிலேயே குந்தினான். மஞ்சள் தொப்பிக்காரியிடம், அவர்கள் வண்டி ஓட்டுநரை மொழிபெயர்க்கச் சொல்லி, கேட்டான்: "மான் ஏன் தாண்டல?"

"விரட்டப்பட்ட மான் சுவரைக் கண்டால் அதை ஒட்டியே ஓடும். தாண்டாது."

"எங்கண்ணனை யாரும் விரட்டல. நடந்துதான் போனான். அவன் ஏன் தாண்டல?"

ஓட்டுநர் முழுக் கதையையும் சொன்னான். அந்த அம்மாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியவில்லை" என்றாள். கலஃபுக்கு அவளைப் பிடித்துப்போனது. அதன் பிறகு அவளுக்கென்று ஒட்டகப்பால் கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டுப் போவான்.

அந்தப் பால் நாட்கள், குழி வெளிப்பட்டதோடு முடிந்தன. வளையத்தின் ஒரு மூலையில் மட்டும் சுவர் சட்டென்று தாழ்ந்து கணுக்கால் உயரத்துக்கு வந்திருக்கும். அதற்கு நேர் வெளியே மண்ணைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட இறங்கிக்கொண்டே போனது. நெட்டையன் ஒருவனைக் கீழே நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார்கள், விரல்கூட வெளியே தெரியவில்லை. உள்ளே சுற்றிச் சுற்றி ஓடுகிற மிருகம், இதோ வழி என்று தாழ்ந்த இடத்தில் தாவும், தாவினால் குழிக்குள். மஞ்சள் தொப்பிக்காரி சந்தோஷத்தில் குதித்தாள். குள்ளர் மட்டும், ஒரு குழியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். விருந்துக்கு ஆடு அறுத்தார்கள்.

கலஃப் தூர நின்று எட்டிப் பார்த்தான். முகம் சாம்பலாகிவிட்டது.

"இதை மண்ணே மூடி வச்சிருந்துச்சு மாப்ள. தொறந்துட்டாங்க."

"தொறந்தா என்ன? உள்ள பாம்புகூட இல்ல."

"செத்த பொறிக்கு உசிர் குடுத்துட்டாங்க. இனி இது யாரைப் புடிக்கும்?"

"உன்ன. போய்த் தூங்கு மச்சான்."

அவன் தூங்கவில்லை. மறுநாளே மேற்குச் சுவரில் ஒரு இடைவெளி. ஒரு ஆடு நுழைகிற அகலம். சுவரை ஒட்டி வருகிற எதுவும் வளையத்துக்குப் போகாமல் வெளியே போய்விட வேண்டும் என்பது அவன் கணக்கு. ஹாயில் கல்லை எல்லாம் பொறுக்கி அடைத்தான். கலஃப் திறந்தான். ஹாயில் அடைத்தான். பகலில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

"மச்சான், அது சர்க்கார் சுவர்."

"சர்க்கார் வந்து நடக்கட்டும் அதுல."

"என் வேலை போயிடும்."

"வேலை போனா வரும். கழுத்துக்கு மேல இருக்கிறது போனா வருமா?"

ஒரு காலை, கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் படம் எடுக்க வந்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. அந்த இடைவெளியில் சம்மணம் போட்டுக் கலஃப் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். வந்தவர்களைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றான்.

அன்றே நாற்காலி போனது. போகிற போக்கில் ஹாயில் கடைசியாக ஒரு தடவை அந்த இடைவெளியை அடைத்தான். கோபத்தில் கட்டினான். விரல் நுழையாதபடி, கல்லுக்குள் கல் கடிக்கும்படி கட்டினான். "இனி ஒரு கல் நகர்ந்தா உன் தங்கச்சியை உன் கூடாரத்துக்கு அனுப்பிடுவேன்" என்று கத்திவிட்டு வந்தான். தங்கைக்காகக் கலஃப் அதன் பிறகு அதைத் தொடவில்லை.

அகழ்வுக்காரர்களும் போனார்கள். குழியின் மேல் பலகை அடுக்கித் தார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் போனார்கள். தார்ப்பாயைக் காற்று கொண்டுபோனது. பலகை எந்தெந்த அடுப்பில் எரிந்தது என்று எங்கள் ஆட்களிடம் கேட்காதீர்கள்.

ஹாயிலின் ஒரே மகள் ரீம். ரீம் என்றால் வெள்ளை மான். பெயர் வைத்த நாளில் கலஃப், "ஹர்ராவுல கடைசி மானைச் சுட்டுத் தின்னுட்டு இப்ப மகளுக்குப் பேர் வைக்கிறியா?" என்று கேட்டான். அந்த மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த குளிர்காலம் அது. மழை ஓய்ந்த மறுநாள், வெயில் ஏறுகிற நேரத்தில், ரீம் ஆடுகளை மேற்கே ஓட்டிப் போனாள். பட்டப்பகல். ஹாயில் வண்டியைப் பழுது பார்க்க அதன் அடியில் படுத்திருந்தான். வெளியே வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். கையை நீட்டினால் கையைக் காணோம். சத்தமே இல்லாமல் மூடுபனி இறங்கியிருந்தது.

அவன் முதலில் பயப்படவில்லை. பனி வரும், போகும். ரீம் ஹர்ராவில் பிறந்தவள். பிறகு காலில் ஏதோ ஈரமாக உரசியது. நாய். ஆட்டோடு போன நாய் தனியாகத் திரும்பி, வாலை அடிவயிற்றில் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் வரவில்லை.

எங்கள் நாய் ஓநாயைத் துரத்தும். கழுதைப்புலிக்குத்தான் இப்படி ஓடிவரும்.

ஹாயில் கைத்தடியை எடுத்தான். கலஃபின் கூடாரத்துக்கு ஓடினான்.

"மச்சான், ரீம் வரல. நாய் வந்திடுச்சு."

"எந்தப் பக்கம் போனா?"

"மேற்க."

"நீ அடைச்ச சுவர்ப் பக்கம்" என்றான் கலஃப். மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

இருவரும் ஒருவன் மேலங்கி நுனியை ஒருவன் பிடித்துக்கொண்டு போனார்கள். கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். அந்தப் பனியில் குரல் வாயை விட்டு வெளியே போகவில்லை. கம்பளிக்குள் கத்துகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஹாயிலின் காலில் சுவர் இடித்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

"இதை ஒட்டியே போனா வாய்க்குப் போயிடலாம். ஆடு அங்கதான் போயிருக்கும்."

"அதுக்குத்தான் கட்டினது" என்றான் கலஃப். "விடு அதை. சுவரை விட்டு வா. காதை வச்சுப் போவோம்."

"காதுல என்ன இருக்கு? ஒண்ணும் கேக்கல! இது ஒண்ணுதான் இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன்..."

"நீ இங்கயே நின்னு பயந்துக்கிட்டு இரு!"

ஹாயில் மேலங்கியை உதறினான். கைத்தடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தான். டக், டக். பின்னால் "மாப்ள" என்று ஒரு குரல். இன்னொரு தடவை, சின்னதாக. அப்புறம் அதுவும் இல்லை.

நடுவில் ஓரிடத்தில் தடிக்குக் கல் வேறு மாதிரிப் பட்டது. இடைவெளி இல்லாமல், வழுவழுவென்று, ஒரே சீராக. குனிந்து தடவினான். அவன் கட்டியது. விரல் நுழையவில்லை. ஆடும் இங்கே வந்து, வழி இல்லாமல், மேலே போயிருக்கும். ரீமும்தான். அவன் தடவிய கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு நடையைக் கூட்டினான்.

இன்னொரு சுவர் அந்தப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. வாய். உள்ளே நுழைந்தான். எங்கோ ஆடு கத்தியது, தரைக்குக் கீழேயிருந்து கத்துவது போல. குழி! குழி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. எந்த மூலை? நாற்காலியில் உட்கார்ந்து மாசக்கணக்கில் பார்த்த இடம். எந்த மூலை என்று தெரியவில்லை. கத்தல் எல்லாப் பக்கமும் இருந்தது.

"ரீம்!"

பதில் இல்லை. சுவரை ஒட்டியே போனான். தரையில் மழைச் சேறு. குனிந்து பார்த்தான். பிளாஸ்டிக் செருப்புத் தடம், சின்னது. அவளுடையது. உயிர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். கொஞ்சம் போனதும் அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கால் தடம். யாரோ அவள் பின்னால் போயிருக்கிறான். ஹாயிலுக்குப் பிடரி சிலிர்த்தது. ஓடினான். இன்னும் கொஞ்சம் போனதும் பெரிய தடம் இரண்டாகிவிட்டது. இரண்டு ஆள். பக்கத்தில் சின்னச் சின்னக் குழி, தடி ஊன்றின மாதிரி.

அவன் தன் தடியைப் பார்த்தான்.

அத்தனையும் அவன் தடம். சுற்றிக்கொண்டிருந்தான். சின்னச் செருப்பும் சுற்றிக்கொண்டிருந்தது. அவளும் அவனும் ஒரே வளையத்துக்குள், ஒருவர் பின்னால் ஒருவராக.

"ரீம்! நான்தாம்மா! அப்பா!"

முன்னால் எங்கோ கல் உருண்டது. கால்கள் ஓடின. அவனிடமிருந்து ஓடின.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கழுதைப்புலி மனிதனை மயக்கி இழுக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. மயங்கியவன் அதைத் தன் அப்பன் என்றே நினைத்துக்கொண்டு, "அப்பா, நில்லு" என்று கூவியபடி அதன் குகை வரைக்கும் பின்னாலேயே போவான். "கண்ணு தெரியாத நேரத்துல அப்பன் கூப்பிட்டாப் பதில் சொல்லாதே, ஓடிடு. நான் கூப்பிட்டாலும் சரி." மடியில் உட்காரவைத்து, கையில் அடித்துச் சத்தியம் வாங்கி, இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஹாயில்தான். அவள் சொன்னபடி கேட்கிற பெண்.

கூப்பிட்டால் ஓடுவாள். ஓடினால் தாழ்ந்த இடம் வரும். தாழ்ந்த இடத்தைக் கண்டால் தாவுவாள். கூப்பிடாமல் நின்றால்? தடிச் சத்தம் நின்ற இடத்தில் அது பதுங்கியிருக்கிறது என்று நினைத்து அதற்கும் ஓடுவாள். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். கால் தானாக நகர்ந்தது. தடி தானாகத் தட்டியது. டக். முன்னால் செருப்பு ஓடியது. ஆட்டின் கத்தல் பக்கத்தில் வந்துவிட்டது. அவன் அழுதுகொண்டே நடந்தான்.

அப்போது ஒரு குரல் கேட்டது. சுவருக்கு அப்பாலிருந்து.

"யாரது ஓடுறது? செருப்பு சத்தத்தப் பாரு, சந்தைக்குப் போற கழுதை மாதிரி. கல்யாணப் பொண்ணு நடக்கிற நடையா இது? அந்த மாப்பிள்ளைப் பையன் பார்த்தான்னா பரிசத்துக்குப் பேசின ஒட்டகத்தத் தர மாட்டான்."

செருப்பு நின்றது.

"மாமா?" விம்மிய குரல்.

"வேற யாரு? கழுதைப்புலி உன்னைக் கிண்டல் பண்ணுமா? அதுக்கு அவ்வளவு புத்தி ஏது? நின்ன எடத்துல உக்காரு. ஒரு அடி எடுத்து வச்ச, ஒதைப்பேன். உனக்கு முன்னால குழி இருக்கு."

"மாமா, பின்னால அது வருது... அப்பா மாதிரியே கூப்பிடுது..."

"வரட்டும். உக்காரு."

கலஃப் குழிக்கு வெளியே, அதன் விளிம்பில் இருந்தான். சுவரைத் தொடாமல், எதையும் பிடிக்காமல், ஆட்டுக் கத்தலை மட்டும் காதில் வைத்துக்கொண்டு வெட்டவெளி வழியாக வந்து சேர்ந்திருந்தான். வாழ்நாளெல்லாம் சுற்றிப் போன இடத்துக்கு. விளிம்பைக் கையால் தடவித் தடவிக் குழியைச் சுற்றி வந்தான். சுவர் மேல் சாய்ந்து கையை நீட்டி ரீமின் சடையைப் பிடித்தான். அப்படியே அக்குளில் கை கொடுத்து இந்தப் பக்கம் தூக்கிப் போட்டான்.

டக், டக் என்று தடிச் சத்தம் வந்தது. ரீம் வீறிட்டாள்.

"கத்தாதே. அது கழுதைப்புலி இல்ல. அதைவிட மோசம். உங்கப்பன்."

ஹாயில் வந்து நின்றான். முகம் தெரியவில்லை. இடையில் முழங்கால் உயரச் சுவர். அந்தப் பக்கம் மகள் அழுகிற சத்தம்.

"மாப்ள, குழி உனக்கு வலப்பக்கம். நீ நிக்கிற எடத்துல ஒண்ணுமில்ல. காலைத் தூக்கு."

ஹாயில் தூக்கப் பார்த்தான். கால் வரவில்லை. சுவர் இந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

"அந்தப் பக்கம் என்ன மச்சான் இருக்கு?"

"நான் இருக்கேன்."

"தெரியல மச்சான். எனக்குத் தெரியல. முடியல."

கலஃப் திட்டவில்லை. கிண்டல் பண்ணவில்லை. ஹாயிலின் காலுக்கு நேராகக் குனிந்து சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்து அப்பால் வைத்தான். அடுத்த கல். அடுத்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக, தரை வரைக்கும் எடுத்தான்.

"இப்பச் சுவர் இல்ல. நட."

ஹாயில் நடந்தான்.

பனி விலகும்வரை மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். குழிக்குள் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து கத்தின. அடியில் இருந்தவை கத்தவில்லை. வெயில் வந்தது. கூப்பிடு தூரத்தில் துர்ஃபா அடுப்படியில் நிற்பது தெரிந்தது.

கலஃப் கூடாரத்தைப் பார்க்கவில்லை. வளையத்தின் உள்ளே பார்த்தான். சேற்றில் சுவரை ஒட்டி வட்டமாக மிதிபட்ட ஒரு பாதை. அவன் வாய் கோணியது.

ஹாயில் சொன்னான்: "மச்சான், அது புத்தியப் புடிக்கல. புடிச்சது நான்தான். சுவரை நான்தான் புடிச்சுக்கிட்டேன். விட்டா ஒண்ணுமே இல்லாமப் போயிடும்னு... தியாபும் அப்படித்தான் சுத்தியிருப்பான்."

"அப்ப எங்கண்ணன் மடையன் இல்ல" என்றான் கலஃப்.

"இல்ல."

"பேயும் புடிக்கல."

"இல்ல. பயந்துட்டான். அவ்வளவுதான்."

கலஃப் தலைத்துணியால் முகத்தைத் துடைத்தான். "அதை நான் அன்னிக்கே கேட்டேன். ஒருத்தனும் சொல்லல" என்றான்.

மேற்குச் சுவரின் இடைவெளியை ஹாயிலே போய்த் திறந்தான். கோபத்தில் கட்டியதாயிற்றே, பிரிக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. குழியைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஆனால் நாற்காலி போனது போனதுதான். வண்டி கிளம்பாத நாட்களில் அவன் "எல்லாம் அந்தக் கலஃபால" என்று ஆரம்பிப்பது நிற்கவில்லை. கலஃபும் அதற்கு, "சுத்திச் சுத்தி வந்தவனுக்கு நாற்காலி எதுக்கு?" என்பான். கலஃபின் பயமும் போகவில்லை. கூடாரத்தின் மூலை தூக்கித்தான் இருந்தது. ரீமின் கல்யாணத்தன்றும் பந்தலில் திறந்த பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த இரண்டாம் குளிர்காலம் கலஃப் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். சஃபாவியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கதவு சாத்துகிற அறை என்றதும் எழுந்து வந்துவிட்டான். துர்ஃபா கஞ்சி ஊட்டுவாள். ஹாயில் வந்து கால்மாட்டில் உட்காருவான்.

அன்றைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கலஃப் கையைக் காட்டி அவனைக் கிட்டக் கூப்பிட்டான்.

"மாப்ள, புதைச்சப்புறம் மேல கல்லு வைப்பீங்கல்ல, சுத்தி, வட்டமா..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கேளு. வட்டத்த முடிக்காதே. ஒரு ஆடு நுழையற அளவுக்கு எடம் விடு. தங்கச்சி கூடாரம் இருக்கிற பக்கமா."

"சரி மச்சான்."

"சரிங்கிற. எனக்கு உன் கை தெரியும். இடைவெளியக் கண்டா அதுக்குப் பொறுக்காது." மூச்சு வரும்வரை காத்திருந்தான். ஹாயிலின் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்கிற அளவுக்கு.

"அடைச்சிடாதே."